பவர் டேபிள்காரர்கள் பயந்து ஒதுக்கும் இலவசப் பதிவு

திருப்பூரில் வரி ஆலோசகராக இருக்கிறேன். போன ஆடி மாதம் ஒரு தம்பதி வந்தார்கள். வீட்டு முன்னறையில் ஆறு மெஷின் போட்டு, பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிற பவர் டேபிள்காரர்கள். மஞ்சள் பை நிறைய டெலிவரி சலான். கூட்டிப் பார்த்தால் 3,80,000 ரூபாய் பாக்கி, எட்டு மாதமாக வரவில்லை.

"உத்யம் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு அது.

"அதை எடுத்தா ஜிஎஸ்டி கட்டணும்னாங்க சார்" என்றார் கணவர்.

இந்தப் பயத்தை வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன். இரண்டும் வேறு வேறு. பிறர் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் சேவையில் வருவதால், ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாக ஜிஎஸ்டி கட்டாயம். தேவையில்லாமல் எடுத்துவிட்டால், வியாபாரமே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம். உத்யம் அப்படியல்ல. 2020 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. ஆதாரும் பான் கார்டும் போதும், அரசு இணையதளத்தில் ஒரு ரூபாய் கட்டணம் கிடையாது. இதற்குப் போய் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாந்தவர்களைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது.

அந்தப் பதிவின் பலம் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வேலையை வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் இருந்து இன்னொரு பிடியும் உண்டு: கெடு தாண்டிய தொகையை, கொடுத்து முடிக்கும் வரை கம்பெனி வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது.

புகார் கொடுத்தால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். அதை நான் லேசாகப் பேச மாட்டேன். ஆனால் பில்லில் உத்யம் எண் இருந்தாலே கம்பெனியின் கணக்குப் பிரிவு தேதியைப் பார்க்கிறது. புகார் வரை போகாமலே பணம் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அவர்களுடைய பழைய பாக்கி சிக்கல்தான். வேலையை முடித்துக் கொடுத்த பிறகு பதிவு செய்தால், அப்போது பதிவு இருந்ததா என்று எதிர்த் தரப்பு கேட்கும். அதனால் தவணையாக வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம், யார் பெயரில் பதிவது? கணவர் தன் ஆதாரை நீட்டினார். எந்தக் கம்பெனிக்கு எந்தத் தேதியில் எத்தனை பீஸ் என்று நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தது அந்த அம்மாதான். தையல், கணக்கு, ஆள் சம்பளம் எல்லாம் அவர் கையில். "உங்க பேர்லயே போடலாமாங்க?" என்றேன். அவர் கணவரைப் பார்த்தார். கணவர் தலையாட்டியதும், அந்த அம்மா பையிலிருந்து தன் பான் கார்டை எடுத்தார்.