திருப்பமா, நாட்டமா?

"தண்டுக்கு எதிர்மறைப் புவிநாட்டம் உண்டு." ஒரு பாடக் காணொளியில் போன வாரம் மறுபடியும் கேட்டேன். இதைக் கேட்டால் தண்டுக்குப் பூமிமேல் ஏதோ கோபம் என்றுதான் தோன்றும்.

மூலச்சொல் டிராபிசம்: ஒளி, புவியீர்ப்பு போன்றவற்றின் திசையைப் பொறுத்துச் செடியின் பாகம் வளைந்து வளர்வது. கிரேக்கத்தில் 'ட்ரோபோஸ்' என்றால் திரும்புதல், அவ்வளவுதான். சூரியன் வடக்கே போய்த் திரும்பும் கடகரேகையை ஆங்கிலத்தில் டிராபிக் என்பதும் இதே வேரிலிருந்துதான். ஆக போட்டோடிராபிசம் ஒளித்திருப்பம், ஜியோடிராபிசம் புவித்திருப்பம். இலங்கைப் பாடநூல்களில் பழகிய சொற்கள்தான் இவை.

நாட்டம் என்றால் விருப்பம். பாட்டில் நாட்டம், படிப்பில் நாட்டமில்லை என்போம். ஜன்னலோரத் தக்காளி நாற்று வெளிச்சத்தின் பக்கம் சாய்வதைப் பார்த்தால் ஆசைப்பட்டுப் போவது போலத்தான் இருக்கும், ஆனால் வேலை நடப்பது நிழல் பக்கத்தில்: ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அங்கே கூடுதலாகச் சேர, அந்தப் பக்கத்துச் செல்கள் அதிகம் நீள, தண்டு மறுபக்கம் வளைகிறது. டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் நாற்றின் நுனிக்குக் குல்லாய் போட்டு மூடிப் பார்த்து, அப்படி மூடினால் வளைவதில்லை என்று 1880-லேயே எழுதிவிட்டார்கள். வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே. இதில் யாருக்கு நாட்டம், நுனிக்கா, நிழல் பக்கத்துக்கா?

முளைப்பாரியைப் பாருங்கள். வெளிச்சம் படாமல் மூடிவைத்த அறையில் வெளிறிய மஞ்சளாக, நெடுநெடுவென்று, நேரே மேல்நோக்கி நிற்கும். நாடுவதற்கு அங்கே ஒளி ஏது? புவியீர்ப்பை உணர்ந்து அதற்கு எதிர்த்திசையில் திரும்பியிருக்கிறது. வேர் கீழே திரும்புவது நேர் புவித்திருப்பம், தண்டு மேலே திரும்புவது எதிர் புவித்திருப்பம், முடிந்தது.

டிராபிசத்துக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் சொல்லும் 'சார்பசைவு' தப்பில்லை. ஆனாலும் அசைவு என்றதும் எனக்குக் காற்றில் ஆடும் கிளைதான் நினைவுக்கு வரும். தொட்டாச்சிணுங்கி இலை மூடித் திறக்கிறதே, அதற்கு அசைவு சரி. இதுவோ வளர்ந்து வளைவது.

திருப்பம் என்றால் சிலருக்குப் பஸ் திரும்பும் இடமும் கதையில் வரும் திருப்பமும் நினைவுக்கு வருகிறதாம், அறிவியல் கனம் இல்லையாம். கிரேக்கனுக்கும் அது அன்றாடச் சொல்தானே ஐயா! வெளிச்சத்தை நோக்கி உடலோடு நீந்திப்போகும் ஒருசெல் பாசிக்கு வேண்டுமானால் நாட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பெயரே வேறு, போட்டோடாக்சிஸ். அப்புறம் அந்த 'மறை' எதற்கு? எதிர்மறை இலக்கணத்தில் 'வாரான், செய்யாதே' போன்றவற்றுக்கு உரியது. திசைக்கு 'எதிர்' போதும்.