மணல் வெளுத்தபின் நட்சத்திரம் எதைத் தின்னும்?

கைகளின் நுனி வெளுத்து, ஓரங்கள் கரைந்து, மணலுக்கு மேலே அசையாமல் கிடக்கும் மணல் நட்சத்திரத்தின், அதாவது மணலில் வாழும் நட்சத்திர மீனின், படத்தை அனுப்பி, "இதற்கு என்ன மருந்து விடலாம், டாக்டர்?" என்று கேட்கும் செய்தி இந்த வாரமும் வந்துவிட்டது. படத்தின் மீதிப் பகுதியைப் பார்த்தாலே பாதிப் பதில் தெரிந்துவிடுகிறது: தொட்டி சிறியது, மணல் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. கேட்டால், தொட்டி வைத்து ஓராண்டுகூட ஆகவில்லை என்பார்கள். நீர்ப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். அந்த விலங்குக்கு நோய் எதுவும் இல்லை. அது மாதக்கணக்கில் பட்டினி கிடந்து செத்துக்கொண்டிருக்கிறது. பட்டினிக்கு மருந்து கிடையாது. கை கரையத் தொடங்கிய பிறகு உணவு கொடுத்தாலும் பெரும்பாலும் பயன்படுவதில்லை.

கடல்நீர்த் தொட்டிகளில் வாழும் உயிரினங்களுக்கு மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் என்னை மிகவும் சலிப்படையச் செய்யும் நம்பிக்கை ஒன்று பலரிடம் உண்டு. மணலில் சேரும் அழுக்கைத் தின்றே சில விலங்குகள் வாழ்ந்துவிடும், அவற்றுக்குத் தனியாக உணவு போட வேண்டியதில்லை என்பதே அது. விற்பவர் சொல்கிறார், வாங்குபவர் நம்புகிறார், விலங்கு சாகிறது, அதன் இடத்துக்கு இன்னொன்று வாங்கப்படுகிறது.

மணல் நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்ட்ரோபெக்டன் என்னும் இந்த இனம் ஒரு வேட்டை விலங்கு. மணலுக்குள் ஊர்ந்து சென்று சிறு சிப்பிகளையும் நத்தைகளையும் புழுக்களையும் நுண்ணிய ஓட்டுடலிகளையும் முழுதாக விழுங்குகிறது. இதற்கு மலத்துளையே இல்லை. செரிக்காத ஓடுகளை வாய் வழியாகவே துப்பிவிடும். குழாய்க் கால்களின் முனையில் உறிஞ்சிகள் கிடையாது என்பதால் இது பெரும்பாலும் மணலிலேயே இருக்கும். உங்கள் நட்சத்திரம் எப்போதும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நடக்கிறதென்றால் உங்களிடம் இருப்பது வேறு இனமாக இருக்கலாம். பாசியையும் மீனின் மலத்தையும் தின்பதற்கான உடலமைப்பு இதனிடம் இல்லை. இது செய்வதெல்லாம் மணலைக் கிளறி, அங்கே வாழும் சிற்றுயிர்களை ஒன்றுவிடாமல் தின்பதுதான். அந்தச் சிற்றுயிர்களோ மிச்ச உணவைச் சிதைத்து மணலை உயிரோட்டமாக வைத்திருந்தவை. ஆக, துப்புரவுக்கென்று வாங்கிய விலங்கு, ஏற்கெனவே அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த கூட்டத்தை அழித்துவிட்டு, தின்ன எதுவுமின்றிச் சுருங்கத் தொடங்குகிறது. நட்சத்திர மீன், கடல் அட்டை போன்ற முட்தோலிகள் நீண்ட நாள் பட்டினி தாங்குபவை என்பதால், மாதக்கணக்கில் "நன்றாகத்தான் இருக்கிறது" என்று தோன்றும். மணல் வெள்ளையாகத் தெரிவதை வெற்றியாக எண்ணி மகிழும் அதே வாரங்களில்தான் அதன் உடல் கரைந்துகொண்டிருக்கிறது.

இதை எத்தனை முறை விளக்கினாலும் அடுத்த கேள்வி, "சரி, அழுக்கைத் தின்னும் விலங்கு எது?" என்பதாகவே இருக்கிறது. தயவுசெய்து இதைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் போடும் உணவில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் மீனின் வயிற்றுக்குள் போய்க் காணாமல் போவதில்லை. கொஞ்சம் உடலாக வளர்கிறது, மீதி அமோனியாவாகச் செவுள் வழியாகவும் மலமாகவும் நீருக்குள் வருகிறது. மிச்ச உணவை ஒரு நத்தை தின்றால் நத்தையும் அமோனியாவை வெளியேற்றுகிறது, மலம் போடுகிறது. நத்தையின் மலத்தைப் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன, அதன் விளைவும் நீரிலேயே கரைகிறது. விலங்குகளைச் சேர்த்துக்கொண்டே போவது, குப்பையை ஒரு கூடையிலிருந்து இன்னொரு கூடைக்குக் கொட்டுவதுதான். குப்பை வீட்டை விட்டுப் போகவில்லை. தொட்டியை விட்டு அது உண்மையிலேயே வெளியேறும் வழிகள் சிலவே: நீங்கள் சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுப்பது, அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் கருவியின் கோப்பையில் சேர்வதைக் கொட்டுவது, நீரை மாற்றுவது, வளர்ந்த பாசியை அறுத்து எறிவது. இவை தவிர, ஆக்சிஜன் குறைந்த இடங்களில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றுகின்றன. பாஸ்பேட்டுக்கு அந்த வழியும் இல்லை. விலங்குகளால் ஆகக்கூடியது, மிச்ச உணவு ஓரிடத்தில் அழுகிக் கிடக்காமல் சிறு துகள்களாக உடைத்துப் பரப்புவது மட்டுமே. அது பயனுள்ள வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு புதிய விலங்கும் தொட்டியின் சுமையில் சேரும் இன்னொரு வாய்.

மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாகக் கொட்டும் வலென்சியன்னியா வகைக் கோபி மீன்களைப் பற்றியும் இதே கதைதான். மணல் நட்சத்திரத்தைப் போலவே இவையும் மணலில் இரை தேடுகின்றன. சலித்த மணலில் சிக்கும் சிற்றுயிர்களை விழுங்குகின்றன. இரை தீர்ந்த பின்னும் நாள் முழுவதும் சலித்துக்கொண்டே இருப்பதால் மீன் சுறுசுறுப்பாக உழைப்பதுபோல் தெரியும், வயிறு மட்டும் உள்ளொடுங்கிக்கொண்டே போகும். என்னிடம் வரும்போது பெரும்பாலும் தலை பெரிதாகவும் உடல் கத்திபோலவும் இருக்கும். இந்த மீனை வைத்திருப்பவர்கள் நாளுக்குப் பலமுறை, மணலருகே மூழ்கும்படியாக உணவு கொடுக்க வேண்டும். அவ்வளவு உணவு போட்டால் தொட்டியில் அழுக்குக் கூடுமே என்று கேட்கிறீர்களா? கூடும். மணலைச் சுத்தமாக்க மீன் வாங்கும் யோசனையின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

கடல் அட்டையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நான் சற்றுத் தயங்குவேன், ஏனெனில் மணலை விழுங்கி, அதன் மேல் படிந்த நுண்பாசியையும் பாக்டீரியாப் படலத்தையும் செரித்து, மணலை உருண்டையாக வெளியேற்றும் ஹோலோத்தூரியா இனங்கள் உண்மையிலேயே இந்த வேலைக்குப் பொருத்தமானவை. ஆயினும் அவற்றின் உடலில் மீன்களைக் கொல்லும் சபோனின் நச்சுகள் உள்ளன. அலை உண்டாக்கும் பவர்ஹெட்டில் ஓர் அட்டை சிக்கி அரைபட்டால் சில மணி நேரத்தில் மீன்கள் மொத்தமாகச் செத்து மிதக்கலாம். எல்லா நீருறிஞ்சும் வாய்களுக்கும் நுரைப்பஞ்சு அல்லது வலைக்காப்பு போடாமல் கடல் அட்டையை உள்ளே விடாதீர்கள். விபத்து நேர்ந்துவிட்டால் யோசித்துக்கொண்டு நிற்காமல் மீன்களை வேறு நீருக்கு மாற்றுங்கள், செயற்படு கரியைப் போடுங்கள், பெருமளவு நீரை மாற்றுங்கள்; எனக்கு எழுதுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எதைத்தான் வைப்பது? செரித் நத்தைகளை நான் மறுப்பதில்லை. அவை இரவில் மணலிலும் கண்ணாடியிலும் ஊர்ந்து பாசிப் படலத்தையும் மட்கையும் மேய்கின்றன. நஸாரியஸ் நத்தைகள் மணலுக்குள் புதைந்திருந்து, இறைச்சி வாடை வந்ததும் குபீரென்று எழும்பும் பிணந்தின்னிகள். மிச்ச இறால் துண்டை முடித்துவிடும், பாசியைத் தொடாது. பழுப்பு மணலுக்கு அவற்றை வாங்குவது வீண். சிறிய ஸ்ட்ராம்பஸ் சங்கு ஒன்று, போதிய மணற்பரப்பு இருந்தால், நன்றாக மேயும். ஆனால் குட்டியாக விற்கப்படும் ராணிச் சங்கு 30 செ.மீ. வரை வளரக்கூடியது என்பதையும், 1992 முதல் அதன் பன்னாட்டு வணிகம் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலின் கட்டுப்பாட்டில் இருப்பதையும் வாங்கும் முன் நினைவில் கொள்ளுங்கள். துறவி நண்டுகள் ஓட்டுக்காக நத்தைகளைக் கொல்லும். இரண்டையும் சேர்த்து வைப்பவர்கள் காலி ஓடுகளைப் பல அளவுகளில் போட்டுவைக்க வேண்டும். அதன் பிறகும் சில நத்தைகள் போகும்.

உண்மையான உழைப்பாளிகளோ பெரும்பாலும் காசு கொடுக்காமலே பாறைகளுடன் வந்து சேர்கின்றன: முள்மயிர்ப் புழுக்கள், இழைபோன்ற கைகளை மணலில் பரப்பும் புழுக்கள், கோப்பிபாடுகள், ஆம்ஃபிபாடுகள் போன்ற நுண்ணிய ஓட்டுடலிகள். இரவில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "புழு வந்துவிட்டது, எப்படிக் கொல்வது?" என்று பதறி எழுதுகிறவர்கள்தான் மறுநாள் மணல் துப்புரவுக்கு நட்சத்திரம் வாங்கக் கிளம்புகிறார்கள். வெறுங்கையால் அந்தப் புழுக்களைத் தொடாதீர்கள், முள் குத்தும். மற்றபடி அவற்றை விட்டுவிடுங்கள்.

மணலின் நிறம் மாறினால் முதலில் காரணத்தைப் பாருங்கள். புதிய தொட்டியில் தோன்றும் பழுப்புத் தூசி பெரும்பாலும் டயட்டம் என்னும் நுண்பாசி. சில வாரங்களில் தானே அடங்கும். சிவப்புப் போர்வைபோல் படியும் வழுவழுப்பு சயனோபாக்டீரியா. அதை விரும்பித் தின்னும் விலங்கு அநேகமாக இல்லை, நீரோட்டத்தையும் உணவளவையும் சரிசெய்ய வேண்டும். குமிழ்களுடன் நூல்நூலாகத் தொங்கும் பழுப்புச் சளி டைனோஃபிளாஜெல்லேட் என்னும் ஒருசெல் உயிரியாக இருக்கலாம். அதில் சில வகைகள் நச்சுடையவை, மேயும் நத்தைகளையே கொன்றுவிடும். அந்த நேரத்தில் கூடுதல் நத்தைகளை வாங்கி விடுவது கொடுமை.

விலங்கு வாங்கியே தீருவேன் என்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பாறைகளை மணலின் மேல் அடுக்காதீர்கள். தொட்டியின் அடித்தளத்தில் நிறுத்தி, பிறகு மணல் போடுங்கள், இல்லையேல் தோண்டும் மீன் தன் மேலேயே பாறையைச் சரித்துக்கொள்ளும். கோபிக்கு மூடியில்லாத தொட்டி ஆகாது, குதித்துவிடும். முட்தோலிகளுக்கு உடலின் உப்பளவைச் சீராக்கும் திறன் இல்லை. மீன்கள் உள்ள கடைத் தொட்டிகளில் உப்பு அடர்த்தியைக் குறைத்து வைப்பது வழக்கம் என்பதால், உங்கள் நீரின் 1.025 அடர்த்திக்குச் சொட்டுச் சொட்டாக, அவசரப்படாமல் பழக்குங்கள். செப்பு கலந்த மருந்தை இந்த விலங்குகள் இருக்கும் தொட்டியில் ஒருபோதும் விடாதீர்கள். நோயுள்ள மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருத்துவம் செய்யுங்கள். பல ஆண்டுகள் தொடப்படாத ஆழமான மணலை ஒரே நாளில் கிளறவும் கூடாது, அடியில் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கலாம். 3 முதல் 5 செ.மீ. ஆழமுள்ள மணலை, ஒவ்வொரு நீர் மாற்றத்தின்போதும் ஒரு பகுதியாகச் சைஃபன் செய்தாலே பெரும்பாலான தொட்டிகளுக்குப் போதும்.

ஏற்கெனவே மணல் நட்சத்திரம் வைத்திருப்பவர்கள், கை கரையும் வரை காத்திருக்க வேண்டாம். விளக்கு அணைந்த பிறகு, சிப்பி இறைச்சியின் சிறு துண்டை அது ஊர்ந்து வரும் வழியில், உடலுக்கு அடியில் படும்படி மணலில் புதைத்து வையுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வைத்துப் பார்த்தும் எடுத்துக்கொள்ளவில்லை என்றால், பல ஆண்டுகள் பழகிய, மணற்பரப்பு மிகுந்த பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாரிடமாவது அதைக் கொடுத்துவிடுங்கள். எடுக்கும்போது காற்றில் தூக்கிக் காட்டாமல், ஒரு கிண்ணத்தில் நீரோடு மொண்டு எடுங்கள்.