தாத்தா போட்ட கடைக்கால்

"எங்க மாமனார் காலத்துக்கும் முன்னால போட்ட கடைக்கால் தம்பி, கடப்பாரையே எறங்காது. அதைப் போயி எதுக்குத் தோண்டிப் பாக்கணும்ங்கீய?"

திருநெல்வேலியை அடுத்த மானூர்ப் பக்கம், வீடு கட்டும் வேலை பார்க்கும் என்னிடம் ஓர் ஆச்சி கேட்டது. ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் பேரனுக்கு மாடி வீடு கட்டுகிறார்கள். பழைய கருங்கல் கடைக்காலை, அதாவது அஸ்திவாரத்தை, அப்படியே வைத்துக்கொண்டால் நல்ல காசு மிஞ்சும் என்று கொத்தனார் சொல்லியிருந்தார்.

ஆச்சி சொன்னதில் பொய் இல்லை. கல்லுக்கு ஒன்றும் ஆகாது. கெடுவது கல்லிடையில் இருக்கும் சாந்து. இளகுவது அடியில் இருக்கும் மண். இரண்டும் மேலிருந்து தெரியாது.

வீட்டு மூலையில் ஒரு குழி, பாத்திரம் கழுவும் அங்கணத்தை ஒட்டி இன்னொன்று எடுத்தோம். இரண்டரை அடியிலேயே கடைக்கால் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே சுத்தக் கரிசல். மூலையில் சுண்ணாம்புச் சாந்து, ஆணியால் கீறினால் கோடுதான் விழுந்தது. அங்கணத்துப் பக்கம் வெறும் மண் சாந்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. பின்கட்டை யாரோ பிற்பாடு சேர்த்திருக்கிறார்கள். ஆச்சிக்கே அது நினைவில்லை.

கரிசல் மழைக்கு உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். ஈரம் ஏறி இறங்குவது மூன்று மீட்டருக்குக் கீழேயும் போகும். ஓட்டு வீடு லேசானது. சுவர் கொஞ்சம் அசைந்தாலும் பொறுத்துக்கொள்ளும், ஓடு சரிந்தால் ஏறி மாற்றிவிடலாம். கான்கிரீட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. எடையையும் பாருங்கள். ஆயிரம் சதுர அடித் தளத்தை ஐந்து அங்குலக் கனத்தில் போட்டால் கான்கிரீட் மட்டுமே ஏறத்தாழ 29 டன். மாடி என்றால் இரண்டு தளம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பத்தடி உயரத்துக்கு, ஓர் அடி நீளத்துக்கே சுமார் 400 கிலோ வரும். கட்டில், பீரோ, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியெல்லாம் தனி.

கடைசியில் அங்கே அடியில் குடம்போல் அகன்ற பைல்களை, அதாவது மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் தூண்களை, மூன்றரை மீட்டருக்கு இறக்கி, மேலே பீம் கட்டினோம். பழைய கல்லெல்லாம் தொழுவத் தளத்துக்குப் போனது. கல் வீட்டைவிட்டுப் போகவில்லை என்பதில் ஆச்சிக்கு நிம்மதி.

எல்லா ஊருக்கும் இதே பதில் கிடையாது. பாளையங்கோட்டைப் பக்கம் சில இடங்களில் நாலடிக்குள் பாறை தட்டும். அப்படிப் பாறைமேல் உட்கார்ந்த சுண்ணாம்புக் கடைக்கால், அகலமும் போதும் என்றால், தரைத்தளம் மட்டும் கட்ட நானே சம்மதித்திருக்கிறேன். கடைக்கால்மேல் சுற்றிலும் பெல்ட் மாதிரி கம்பி கட்டிய கான்கிரீட் போட்டு, ஓதம் (மண்ணின் ஈரம்) சுவரில் ஏறாமல் ஒரு தடுப்புப் பூச்சும் கொடுத்த பிறகுதான் சுவர்.

திருநெல்வேலி டவுனில் ரத வீதிகளை ஒட்டிய சந்துகளில் சிக்கல் வேறு. வீட்டோடு வீடு ஒட்டியிருக்கும், சில இடத்தில் சுவரே பொது. நாம் கடைக்காலுக்காக ஆறடிப் பள்ளம் தோண்டினால், மூன்றடியில் நிற்கும் பக்கத்து வீட்டுக் கடைக்காலுக்கு அடியில் மண் சரியும். அங்கே ஓரத்துப் பழசைத் தொடாமல் விட்டு, பில்லர்களை உள்ளே தள்ளிப் போட்டு, பீமை நீட்டிச் சுவரைத் தாங்க வைப்போம். கம்பி கொஞ்சம் கூடத்தான் ஆகும். கோர்ட்டுக்கு அலைவதைவிடப் பரவாயில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம், பேஸ்மட்டத்தை, அதாவது வீட்டுத் தரை மட்டத்தை, மூன்றடி உயர்த்த வேண்டும் என்று வருகிறவர்கள் உண்டு. நியாயம்தான். ஆனால் பழைய கல் கட்டின்மேல் செங்கல் வரி ஏற்றி உள்ளே கிராவலைக் கொட்டினால், அந்த மண் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும். மேலிருந்து வரும் பாரத்துக்காகப் போட்ட கல் அது. பக்கவாட்டில் தள்ளினால் எவ்வளவு தாங்கும் என்று தனியாகப் பார்த்தாக வேண்டும்.

எனக்குப் பயம் பாதிப் பழசு, பாதிப் புதுசுதான். தொழிலுக்கு வந்த புதிதில் நானே செய்த தப்பு. முன்பாதியைப் பழைய கடைக்காலோடு வைத்துக்கொண்டு, பின்பாதிக்குப் புதுப் பில்லர் எழுப்பி, இரண்டையும் ஒரே தளத்தால் மூடினேன். பழைய பாதி எப்போதோ இறங்கி அமர்ந்துவிட்டது. புதுசு அப்போதுதான் அமரத் தொடங்குகிறது. இரண்டாவது ஐப்பசி மழை முடியுமுன் சேருமிடத்தில் மேலிருந்து கீழ்வரை கோடு. வெட்டிப் பூசினோம், விட்டது. மறுபடி பூசினோம், மறுபடி விட்டது. நடுவில் ஓர் இடைவெளி விட்டு இரண்டு தனிக் கட்டடமாகவே கட்டியிருக்க வேண்டும். இன்றைக்கும் அந்தத் தெரு வந்தால் வண்டியை வேறு பக்கம் திருப்பிவிடுவேன்.

குழி எடுப்பதை வீட்டை இடிப்பதற்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஓரிடம்தான் தோண்ட வேண்டும், பார்த்ததும் மூடிவிட வேண்டும். வாடகை வீட்டுக்குப் போய், நிலை ஜன்னலைக் கழற்றி, நாளும் குறித்த பிறகு என்னைக் கூப்பிட்டால், குழிக்குள் என்ன தெரிந்தாலும் கேட்க யாருக்கும் மனசு வராது. ஆச்சி வீட்டில் ஓட்டைப் பிரிக்குமுன்பே பார்த்துவிட்டோம். காலையில் தோண்டி, சாயங்காலம் விளக்கு ஏற்றுவதற்குள் மூடியாயிற்று.