மூளை: எலும்புக்குள் இருந்த சொல்

நல்லி எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சுகிறோமே, உள்ளே இருக்கும் அந்தக் கொழகொழப்புக்குப் பாடப்புத்தகம் 'எலும்பு மஜ்ஜை' என்று பெயர் வைத்திருக்கிறது. ஆனால் அகராதியில் 'மூளை'யைத் தேடினால், தலைக்குள் இருப்பதோடு இந்த எலும்புச் சத்தும் ஒரு பொருளாக நிற்கும்.

பக்கத்து மொழிகளைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். கன்னடத்தில் 'மூளெ' என்றால் எலும்பு. தெலுங்கில் 'மூலுக' என்றால் மஜ்ஜை. மண்டையோடும் எலும்புதானே, அதற்குள் இருக்கும் மெத்தென்ற பொருளுக்கும் அதே சொல் போதும் என்று நம்மவர்கள் விட்டிருக்கிறார்கள். இது நம் பக்கத்து வழக்கம் மட்டுமல்ல. ரஷ்ய மொழியில் மூளைக்கு 'மோஸ்க்'. மஜ்ஜைக்கு 'எலும்பு மோஸ்க்'. சமஸ்கிருத 'மஜ்ஜா'வும் அந்த மோஸ்க்கும் ஒரே வேரில் பிறந்தவை.

சரி, மூளையின் பகுதிகளுக்கு வைத்த பெயர்களுக்கு வருவோம். 'பெருமூளை' என்ற பெயரில் சிக்கல் இல்லை. நினைவு, பேச்சு, யோசனை எல்லாம் அங்கே. அளவிலும் அதுதான் பெரியது. இலங்கைப் பாடநூல்களில் அது 'மூளையம்'.

'சிறுமூளை'யும் லத்தீன் 'செரிபெல்லம்' என்பதற்கு அச்சொட்டான சொல். அதற்கும் குட்டி மூளை என்றுதான் பொருள். உடம்பின் சமநிலையும் அசைவுகளின் ஒழுங்கும் இதன் பொறுப்பு. குடித்தவர் தள்ளாடுவதற்குப் பெரும்பாலும் இது தடுமாறுவதுதான் காரணம். ஆனால் 'சிறு' என்ற அடைமொழியைப் பார்த்து ஏமாறக் கூடாது. 2009-இல் பிரேசில் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி இங்கேதான் இருந்தன. எடையில் மட்டும் பத்தில் ஒரு பங்கு!

இலங்கையில் இதற்கு 'மூளி' என்று பெயர். மூளை, மூளையம், மூளி என்று அழகாகத்தான் கோத்திருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டுக் காதில் மூளி என்றால் விளிம்பு உடைந்த பானை, தோடில்லாத காது. எனக்குச் சிறுமூளைதான் பிடிக்கிறது.

கடைசியாக, தண்டுவடத்தோடு சேரும் 'மெடுல்லா ஆப்லாங்கேட்டா'. மூச்சு, இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம், இருமல், வாந்தி என நம்மைக் கேட்காமல் நடக்கும் வேலைகளை இதுதான் கவனிக்கிறது. தமிழ்நாட்டில் 'முகுளம்' என்கிறோம். மொட்டு என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல். இலங்கையில் 'நீள்வளைய மையவிழையம்'. மாணவருக்கு வாய் வலிக்கும்.

லத்தீனில் 'மெடுல்லா' என்றால் என்ன தெரியுமா? மஜ்ஜை. மொத்தப் பெயருக்கும் 'நீண்ட மஜ்ஜை' என்று பொருள். மூளை என்ற சொல்லுக்கே அந்தப் பொருள் இருப்பதால், 'நீள்மூளை' என்று வைத்திருந்தால் பெருமூளை, சிறுமூளைக்குப் பக்கத்தில் அதுவும் ஒட்டி உட்கார்ந்திருக்கும். முகுளம் ஊன்றிவிட்டது, இனி அதைப் பிடுங்கச் சொல்ல மாட்டேன்.