நீர்க்கரடிக்குப் பெயர் வைக்கும் முன்

சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளச் சுவரில் படர்ந்த பாசியைக் கொஞ்சம் கிள்ளி ஊறவைத்தால் நீர்க்கரடி என்ற நுண்ணிய விலங்கு கிடைக்க வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. எட்டுக் கால், நுனியில் நகம். படம் எடுத்ததும் பலர் அடியில் ‘மில்னீசியம் டார்டிகிராடம்’ என்று சிற்றினப் பெயரை எழுதிவிடுகிறார்கள். அந்தப் பெயர் பெரும்பாலும் தவறு.

1840இல் வைத்த அந்தப் பெயரை நெடுங்காலம் உலகம் முழுக்கக் கிடைத்த மில்னீசியங்களுக்கெல்லாம் போட்டுவந்தார்கள். 2012இல் ஜெர்மனி மாதிரிகளைக் கொண்டு அதை மறுபடி விவரித்த பிறகுதான் எல்லை தெளிவானது. இன்று அந்தப் பேரினத்தில் 40க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாமே ஒன்றுபோல் இருக்கும். நகத்தில் உள்ள முட்களின் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கலாம்தான். ஆனால் சில சிற்றினங்களில் குஞ்சுக்கும் வளர்ந்ததற்கும் அதுவே மாறுபடுகிறது. வயது தெரியாமல் நகத்தை மட்டும் பார்த்தால் ஒரே விலங்கை இரண்டு சிற்றினமாக எழுத நேரும்.

மரபணு மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்படும் ஒரு நீர்க்கரடி ஹிப்சிபியஸ் டுஜார்டினி என்ற பெயரில்தான் உலகமெங்கும் போனது. 2015இல் அதன் மரபணுக்களில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு பாக்டீரியா போன்ற வேற்றுயிர்களிலிருந்து வந்தது என்றார்கள். மறு ஆண்டே அதில் மிகப் பெரும்பகுதி மாதிரியில் கலந்த அந்நிய டிஎன்ஏதான் என்று மற்ற குழுக்கள் காட்டின. 2018இல் பெயரும் மாறியது: அது டுஜார்டினியே அல்ல, ஹிப்சிபியஸ் எக்ஸெம்ப்ளாரிஸ் என்ற தனிச் சிற்றினம். முழு மரபணுத் தொகுப்பே கையில் இருந்தும் பெயர் தவறாக இருந்திருக்கிறது.

ஆகவே உடலும் டிஎன்ஏவும் ஒரே விலங்கிலிருந்து வர வேண்டும். இதில் வேலையின் வரிசை முக்கியம்.

பாசியைக் காகித உறையில் எடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பிளாஸ்டிக் பைக்குள் பூஞ்சை பிடித்துவிடும். இயற்கை வனப்பகுதி, பூங்கா என்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி முதலில். சில மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, நீரை 20 முதல் 40 மடங்கு உருப்பெருக்கத்தில் தேடி, மெல்லிய பிப்பெட்டால் எடுக்க வேண்டும். மில்னீசியம் மற்ற நுண்ணுயிர்களைத் தின்னும். குடலில் இரையின் டிஎன்ஏ இருக்கும். சுத்தமான நீரில் ஒரு நாள் பட்டினி போடுங்கள்.

உயிரோடு இருக்கும்போதே நீர்த்துளியில் படம் எடுத்துவிடுங்கள். பிறகு அந்த ஒரே விலங்கைச் செலக்ஸ் என்ற நுண்ணிய பிசின் மணிகள் கலந்த கரைசலில் இட்டு டிஎன்ஏ பிரிக்கலாம். மென்மையான திசு கரைந்துபோகும். வெளித்தோல், நகம், வாய்க்குழாய் எல்லாம் அப்படியே மிஞ்சும். அந்தக் கூட்டைத் தூக்கி எறிவதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. செலக்ஸ் மணிகளுக்கு இடையே தேடி எடுத்து, ஸ்லைடில் மாதிரியைப் பதித்து வைக்க உதவும் ஹோயர் ஊடகத்தில் ஸ்லைடு செய்யுங்கள். முதலிலேயே ஹோயரில் பதித்துவிட்டால், பிறகு அதிலிருந்து டிஎன்ஏ கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஹோயர் ஈரத்தை இழுக்கும் என்பதால் விளிம்பை நகப்பூச்சால் இரண்டு மூன்று தடவை அடைப்பது இங்கே கட்டாயம்.

அளவெடுக்கும்போது உடல் நீளத்தை நம்ப வேண்டாம், அழுத்தினால் நீளும். வாய்க்குழாய் விறைப்பானது, அதனால் மற்ற உறுப்புகளை அதன் நீளத்துக்குச் சதவீதமாகச் சொல்வது வழக்கம். குழாய் 40 மைக்ரோமீட்டர், நகம் 12 என்றால் குறியீடு 30.

மேக்ரோபயோடஸ் என்ற மற்றொரு நீர்க்கரடிப் பேரினத்தின் வகைகளில் முட்டையின் மேலுள்ள காளான் போன்ற புடைப்புகள் பெரிய அடையாளம். ஆனால் ஒரே பாசியில் இரண்டு சிற்றினம் வாழலாம். பக்கத்தில் கிடந்ததாலேயே முட்டை இதனுடையதாகிவிடாது. குஞ்சு பொரிக்கவிட்டுப் பாருங்கள், அல்லது முட்டையிலிருந்தே டிஎன்ஏ எடுத்து ஒப்பிடுங்கள்.

ஒப்பிடப் பயன்படும் டிஎன்ஏ பகுதிகளில் 18எஸ், 28எஸ் மெதுவாக மாறுபவை. பேரினம், குடும்பம் வரைக்கும் உதவும். சிற்றினத்தைப் பிரிக்க சிஓஐ, ஐடிஎஸ்-2 என்ற வேகமாக மாறும் பகுதிகள் இரண்டும் வேண்டும். சிஓஐ மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து, ஐடிஎஸ்-2 உட்கருவிலிருந்து வருவதால் ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி. இத்தனை சதவீத வேறுபாடு இருந்தால் புதுச் சிற்றினம் என்ற பொது எல்லை கிடையாது. ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவுத்தளத்தில் முதலில் வரும் பெயரை அப்படியே எடுத்துக்கொள்வதும் ஆபத்து: பல சிற்றினங்களுக்கு அங்கே டிஎன்ஏ வரிசையே இல்லை, இருப்பவற்றிலும் பெயர் பிழை உண்டு.

இத்தனையும் செய்ய வசதி இல்லையென்றால், ‘மில்னீசியம், சிற்றினம் உறுதியாகவில்லை’ என்று எழுதி, எடுத்த இடம், தேதி, எந்தப் பரப்பில் வளர்ந்த பாசி என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். ஸ்லைடை வீட்டு அலமாரியில் வைக்காமல், லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்டுப் பாருங்கள்.