வெளிச்சம் எட்டும் இடம் வரை

கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக ‘ஆர்’ என்று பதிவு செய்யும் நாள்களில் மனசு கனத்துவிடும். அந்த மருந்துக்குக் கிருமி மசியாது என்று அதற்கு அர்த்தம். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா இப்படி வருவது இப்போது அரிதில்லை. கடைசியில் கோலிஸ்டின் மிஞ்சும். அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடிய மருந்து.

அப்படியொரு ரிப்போர்ட்டை வாங்க வந்த மகன் கேட்டார்: “லைட் அடிச்சே கிருமியைக் கொல்லலாம்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு டாக்டர். அம்மாவுக்குச் செய்ய முடியாதா?”

செய்தி பொய்யில்லை. 1900-லேயே மியூனிக்கில் ஆஸ்கார் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் இருந்த ஒற்றைச்செல் உயிரிகள் வெளிச்சம் பட்டால் சீக்கிரம் சாவதைக் கவனித்தார். சாயம் ஒளியை வாங்கி, பக்கத்திலுள்ள ஆக்சிஜனைக் கிளர்ச்சியடையச் செய்கிறது. அந்த ஆக்சிஜனின் ஆயுள் தண்ணீரில் சில மைக்ரோ நொடிகள்தான். அதற்குள் ஒரு மைக்ரோமீட்டர் தூரம்கூடப் போகாது. ஆகவே சாயம் கிருமியின் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். கிளெப்சியெல்லா போன்றவற்றுக்குக் கூடுதலாக ஒரு வெளிப்புறச் சவ்வு உண்டு. பல சாயங்களை அது உள்ளே விடாது. அதன் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது என்பதால், நேர்மின் ஏற்றிய நானோ துகளில் (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்) சாயத்தைச் சுமத்தி அனுப்பினால் போய் ஒட்டிக்கொள்ளும். தங்க நானோ தண்டுகள் வேறு வழி: அகச்சிவப்பு ஒளியை வாங்கிச் சூடாகி, ஒட்டிய கிருமியைப் பொசுக்கும். ஆன்டிபயாடிக் பெரும்பாலும் ஒரே இலக்கைக் குறிவைக்கும். கிருமி அந்த இலக்கை மாற்றித் தப்பிவிடும். கிளர்ந்த ஆக்சிஜனோ சவ்வு, புரதம், டி.என்.ஏ. என்று கண்டதையெல்லாம் சிதைக்கிறது. தப்பப் பழகுவது எளிதல்ல. எனக்கு நம்பிக்கை தருவது இதுதான்.

கனடாவின் வான்கூவரில் 2011 முதல், அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியின் மூக்கில் மெத்திலீன் புளூ தடவிச் சிவப்பு ஒளி பாய்ச்சுகிறார்கள். அது வெறும் சாயம். நானோ துகள்களில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வகத்திலும் எலிகளிலும்தான். அவை உடம்பில் எங்கே தங்கும், எப்போது வெளியேறும் என்று தெளிவாகத் தெரிந்த பிறகே புண்ணில் வைக்கலாம். தயவுசெய்து ஆன்லைனில் விற்கும் விளக்கை வாங்கிப் புண்ணில் காட்டாதீர்கள். அதிலிருந்து வருவது புற ஊதா ஒளியாக இருந்தால் தோலையே கெடுக்கும்.

சிவப்பு ஒளி சதைக்குள் சில மில்லிமீட்டர்தான் போகும். அந்த அம்மாவுக்குச் சீழ் எலும்பு வரை இறங்கியிருந்தது. அதைச் சொன்னதும் மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. இதுவரை என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்து வைத்தார். மூன்றிலும், டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று எச்சரிக்கும் சிவப்புக் கோடு இருந்தது. மூன்றும் சீட்டில்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கியவை. மூன்றிலும் பாதி மாத்திரை மீதி.