போலீசை அழைக்காத 11 நாட்கள்

2018 ஏப்ரலில், தெற்குக் கலிஃபோர்னியாவில் உள்ள என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு, மெக்சிகோவிலிருந்து குடியேறிய ஒரு பெண் வந்தார். கணவர் அடித்ததில் மணிக்கட்டு முறிந்து 11 நாட்கள் ஆகியிருந்தன. போலீசை ஏன் அழைக்கவில்லை என்று கேட்டேன். "அந்தச் சட்டத்தைத்தான் எடுத்துவிட்டார்களே" என்றார்.

யாரும் எடுக்கவில்லை. உள்ளூர்ப் போலீசார் ஒருவரின் குடியேற்ற நிலையை விசாரிக்கக் கூடாது, மத்திய குடியேற்ற அமலாக்கத் துறை கேட்டதற்காக அவரைக் கூடுதலாகச் சிறையில் வைத்திருக்கக் கூடாது என்னும் கலிஃபோர்னியா மாநிலத்தின் எஸ்.பி. 54 சட்டம் அந்த ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. மார்ச் 19 அன்று, ஆரஞ்சு கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்றது) லாஸ் அலமிட்டோஸ் என்ற சிறு நகரம் அதிலிருந்து விலக வாக்களித்தது. அடுத்த வாரமே கவுண்டி மேற்பார்வையாளர் குழு, சட்டத்துக்கு எதிரான மத்திய அரசின் வழக்கில் சேர முடிவெடுத்தது. ஹன்டிங்டன் பீச் தனியாக வழக்குப் போட்டு, 2020இல் மேல்முறையீட்டில் தோற்றது. அந்தப் பெண்ணின் ஊரிலோ வாக்கெடுப்பே நடக்கவில்லை. பக்கத்து ஊர்ச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தே முடங்கிப்போனார்.

குற்றவாளிகள் தப்பிவிடுவார்கள் என்று எதிர்ப்பாளர்கள் பலர் உண்மையாகவே அஞ்சினார்கள். அதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால், கைதானவரின் கைரேகை எப்படியும் மத்திய அரசுக்குப் போகிறது. கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள் விஷயத்தில் ஒத்துழைக்க இச்சட்டமே இடம் தருகிறது. அமலாக்கத் துறை தானே வந்து கைது செய்வதையும் இது தடுப்பதில்லை.

தடுமாறுவது பாதிக்கப்பட்டவர்கள்தான். 2017 மார்ச்சில், அந்த ஆண்டு லத்தீன் சமூகத்தினரின் பாலியல் வன்கொடுமைப் புகார்கள் 25 சதவீதம் குறைந்திருப்பதாக லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தலைவர் சார்லி பெக் அறிவித்தார். நாடுகடத்தப்படுவோம் என்ற பயமே காரணமாக இருக்கலாம் என்றார்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. குற்றத்தால் பாதிக்கப்பட்டு, விசாரணைக்கு உதவுகிறவர்களுக்காகவே 2000ஆம் ஆண்டில் யு விசா உருவானது. ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் கிடைக்கும் என்றாலும், ஆவணமில்லாத பெண்ணுக்கு அது பெரிய வாசல். போலீசிடமே போகாதவருக்கு அந்த வாசல் திறப்பது மிகக் கடினம். கணவரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்து வாழும் தமிழ்ப் பெண்களும் இதை அறிந்திருக்க வேண்டும். அடிபட்டால் முதலில் மருத்துவமனைக்குப் போங்கள். காயத்தைப் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். தயக்கம் இருந்தால் ஒரு வழக்கறிஞரையும் அழைத்துக்கொண்டு புகார் கொடுங்கள்.

அந்தப் பெண்ணுடன் நானும் காவல் நிலையம் போனேன். அதிகாரி தேதியைக் கேட்டார், எக்ஸ்ரேயைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். குடியுரிமை பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அந்தப் பெண்ணோ, இங்கேயே பிறந்த தன் இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைக் கைப்பையில் வைத்து, கடைசிவரை அதை இறுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.